ஒரே பக்கத்தில் இரண்டு கர்சர்

வேலைக்கு வருபவரை நிரல் எழுதச் சொல்லிச் சோதிக்கும் ஆன்லைன் கோடிங் இன்டர்வியூவில், இருவரும் பகிரும் ஒரே எடிட்டர் பக்கத்தில் இரண்டு கர்சர் இருக்கும். ஒன்று எழுதுபவருடையது, ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று கேள்வி கேட்பவருடையது. கேள்வியை ஒட்டிவிட்டு அதன் கடைசி வரியில் போய் நிற்கும். பெரும்பாலும் 45 நிமிடமும் அங்கேயேதான். பக்கத்தில் ஒரு சின்ன நிறப்பட்டையில் கேட்பவரின் பெயர். எழுதுபவர் எந்த வரிக்குப் போனாலும் அந்தப் பெயர் ஓரக்கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். கடந்த சில ஆண்டுகளாகப் பெரும்பாலும் கேட்கிற பக்கம். இந்த முறையைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு இதன்மேல் நம்பிக்கை உண்டு. ஒழுங்காக நடத்தினால், நாளைக்கு இவரோடு உட்கார்ந்து வேலை பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை இந்த அளவுக்குக் காட்டுகிற வேறு ரவுண்ட் எதையும் நான் பார்த்ததில்லை. ஒழுங்காக என்றால்? அந்த இரண்டாவது கர்சரும் எழுதவேண்டும். நான் சொல்ல வருவது அவ்வளவுதான், ஆனால் அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் இந்த எடிட்டர்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்கலாம். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். மென்லோ பார்க்கில் இருந்த சக ஆய்வாளரோடு ஒரே ஆவணத்தைத் திரையில் பகிர்ந்தபடி, முகத்தையும் பார்த்துக்கொண்டு பேசினார். தூரத்தில் இருக்கும் இருவர் ஒரே பக்கத்தில் வேலை செய்யலாம் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்தால் என்ன ஆகும் என்பது தனிச் சிக்கல். நான் 5ஆவது இடத்தில் ஓர் எழுத்தைச் சேர்க்கிறேன். அதே நொடியில் நீங்கள் 9ஆவது இடத்தில் இருப்பதை அழிக்கிறீர்கள். உங்கள் கட்டளை என் கணினிக்கு வந்து சேரும்போது, நீங்கள் அழிக்க நினைத்த எழுத்து என் பிரதியில் 10ஆவது இடத்துக்கு நகர்ந்திருக்கும். அப்படியே 9ஐ அழித்தால் வேறொன்று போய்விடும். இருவர் திரையிலும் வெவ்வேறு உரை நிற்கும். ஆகவே வந்த கட்டளையை நடப்பு நிலைக்கு ஏற்ப மாற்றி, 9ஐ 10ஆக்கி, அதன் பிறகுதான் செயல்படுத்தவேண்டும். கணினி ஆய்வாளர்கள் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் மையம் இதுதான். ஒருவர் எழுதும்போது மற்றவரைப் பூட்டிவைக்கத் தேவையில்லை என்பதுதான் அதன் பெரிய பலன்.

2008 நவம்பரில் ஈதர்பேட் வந்தது. ஒரு லிங்க்கை அனுப்பினால் போதும், பிரவுசரிலேயே பல பேர் சேர்ந்து எழுதலாம். ஆளுக்கு ஒரு நிறம். 2009 டிசம்பரில் கூகுள் அதை வாங்கியது, அதே மாதம் அதன் மூலநிரலும் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அப்புறம் கோடர்பேட் மாதிரியானவை, எழுதிய நிரலை ஓட்டிப்பார்க்கும் ரன் பட்டனையும் சேர்த்துக்கொடுத்தன. இத்தனை பேர் இத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டது, யாரும் யாரையும் காக்கவைக்காமல் இரண்டு பேர் சேர்ந்து எழுதுவதற்காக. இன்டர்வியூ என்று வந்ததும் அதில் ஒருவர் எழுதுகிறார், மற்றவர் பார்க்கிறார்.

பார்ப்பதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். வடக்கு கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. 48 கணினியியல் மாணவர்களுக்கு நிரல் எழுதும் கேள்வி கொடுத்தார்கள். பாதிப் பேர், கேள்வி கேட்டவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பலகையில் எழுதினார்கள். மீதிப் பேர் தனி அறையில், பார்ப்பவர் இல்லாமல், பேசவேண்டிய அவசியமும் இல்லாமல் எழுதினார்கள். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் மற்றவர்களின் திறனில் பாதிக்கும் குறைவாக இருந்தது. பார்க்கப்பட்ட குழுவில் இருந்த பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனி அறையில் எழுதிய பெண்கள் எல்லோரும் தேறினார்கள். சிறிய எண்ணிக்கைதான், அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது. ஆனாலும் இந்த இடத்தைக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. நம் இன்டர்வியூவில் யாரை எதற்காக வேண்டாம் என்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறது.

இது புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. நன்றாகப் பழகிய வேலையைப் பிறர் பார்த்தால் இன்னும் நன்றாகச் செய்வோம். புதிதாக யோசிக்கவேண்டிய வேலையைப் பிறர் பார்த்தால் தடுமாறுவோம் என்று உளவியலாளர் ராபர்ட் ஸையன்ஸ் 1965இலேயே எழுதினார். இன்டர்வியூவுக்கு என்று நூற்றுக்கணக்கான கணக்குகளைப் போட்டுப் பழகியவர்கள் ஏன் பளபளவென்று தெரிகிறார்கள் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. அவர்களுக்கு அது பழகிய வேலை. இதுவரை பார்த்திராத ஒரு கணக்கை முதன்முதலாக யோசிப்பவர் அதே 45 நிமிடத்தில் மங்கலாகத் தெரிவார். நமக்கு வேண்டியது இரண்டாமவராகக்கூட இருக்கலாம்.

வாய்விட்டு யோசிப்பது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். “என்ன யோசிக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே எழுதுங்கள்” என்பது எல்லா இன்டர்வியூவிலும் வரும் வரி. சிந்தனையை ஆராய்ந்த ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980இல் இதை நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தார்கள். மனதில் ஓடும் சொற்களை அப்படியே வெளியே விடுவது ஒன்று. அதனால் யோசனையின் போக்கு பெரிதாக மாறுவதில்லை. ஏன் அப்படிச் செய்கிறேன் என்று விளக்குவது வேறு. அது யோசனையையே திசைமாற்றிவிடும். இன்டர்வியூவில் நாம் முதலாவதைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதைத்தான் கேட்கிறோம். எழுதுபவர், லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எங்கே நிற்கவேண்டும் என்று அதன் எல்லையைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்போது, “தரவை வைக்க இங்கே ஹேஷ்மேப் ஏன்?” என்று குரல் வருகிறது. அவர் பதில் சொல்கிறார், நல்ல பதிலாகவே இருக்கும். திரும்பி வந்தால் எல்லைக் கணக்கு கையில் இல்லை. தாய்மொழியில் யோசித்து வேறொரு மொழியில் பேசுபவர்களுக்கு இது இரட்டைச் சுமை. வாக்கியம் அமைக்கவும் மூளை வேண்டும், பட்டியலில் எத்தனையாவது இடம் என்ற இண்டெக்ஸைச் சரிபார்க்கவும் மூளை வேண்டும். அவர் மௌனமாகும்போது கணக்கு தெரியவில்லை என்று குறிப்பெழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மௌனம் நேரில் ஒரு மாதிரி, இணைப்பில் வேறு மாதிரி. பத்து மொழிகளில் உரையாடல்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, கேள்வி முடிந்து பதில் தொடங்குவதற்கு இடையிலான வழக்கமான இடைவெளி ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியது என்று காட்டியது. அவ்வளவு நுட்பமான தாளத்தில் பேசிப் பழகியவர்கள் நாம். இணைப்பு அதில் கால் நொடி, அரை நொடி என்று தாமதத்தைச் சேர்த்துவிடுகிறது. தொலைபேசி இணைப்பில் வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்திப் பார்த்து 2014இல் வெளியான ஆய்வொன்றில், தாமதம் கூடியபோது எதிரில் பேசுபவர் கவனமில்லாதவர், அவ்வளவு நட்பாக இல்லாதவர் என்று மதிப்பிடப்பட்டார். தாமதம் கம்பியில் இருந்தது. பழி ஆளின் மேல் விழுந்தது. கேட்பவர் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டால் இன்னும் மோசம். நேரில் என்றால் தலையசைப்பு தெரியும், நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். இங்கே ஒன்றுமே இல்லை. தான் சரியான பாதையில் போகிறோமா, இணைப்பு அறுந்துவிட்டதா என்றுகூட எழுதுபவருக்குத் தெரியாது.

எடிட்டரும் அவருடையது இல்லை. அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடுகிற நிலைமை. விம் என்ற எடிட்டரில் பழகியவர் ஒரு சொல்லை அழிக்க கன்ட்ரோலையும் டபிள்யூவையும் அழுத்துவார்; பிரவுசரில் அது டேப்பையே மூடிவிடும். கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் இந்தப் பக்கத்தைச் சேமிக்கவா என்று பெட்டி திறக்கும். கூகுள் டாக்ஸில் நிரல் எழுதச் சொல்பவர்கள் உண்டு. அது மேற்கோள்குறிகளை வளைத்துவிடும், வரியின் முதலெழுத்தைப் பெரிதாக்கிவிடும், எழுதியதை ஓட்டிப்பார்க்கவும் வழியில்லை. இதெல்லாம் சின்ன விஷயம்தான். ஆனால் பதற்றத்தில் இருப்பவருக்குச் சின்ன விஷயம் என்று ஒன்று கிடையாது. முதல் ஐந்து நிமிடத்தை எடிட்டரைப் பழகவே கொடுத்துவிடவேண்டும். நான் முதலில் ஏதாவது ஒரு வரி எழுதுவேன், அவர் அதை மாற்றுவார், ரன் அழுத்திப் பார்ப்போம், அவர் டேப்பை மூடி மறுபடி திறந்து பார்ப்பார். உரை அப்படியே இருக்கிறது என்று கண்ணால் கண்டபின் தோள் சற்று இறங்குவதை வீடியோவில் பார்க்கலாம்.

இனி நான் இந்தக் கருவியை விரும்புவதற்கான காரணம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தேன். வரிசைப்படுத்திய பட்டியலில் ஓர் எண் எங்கே வரும் என்று கண்டுபிடிக்கும் வேலை, பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாக்கித் தேடும் பைனரி சர்ச். எல்லோரும் அறிந்ததுதான், ஆனாலும் சுலபம் இல்லை. இந்த முறை முதன்முதலில் 1946இல் வெளியானது, பிழையில்லாத வடிவம் அச்சில் வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது என்பது கணினியியலாளர் டொனால்ட் குனூத் தரும் வரலாறு. அந்தப் பெண் இடது எல்லையையும் வலது எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் கண்டார். அடுத்த வரிக்குப் போனார். இரண்டு வரி எழுதினார். கர்சர் நின்றது. அப்புறம் மெல்ல மேலே ஏறி, நடு கண்டுபிடித்த வரிக்கு வந்தது. அந்தக் கூட்டலின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. அதை அழித்துவிட்டு, வலதிலிருந்து இடதைக் கழித்து, அதில் பாதியை இடதோடு கூட்டினார். ஒரு சொல்கூடப் பேசவில்லை.

அவர் செய்தது என்ன? இரண்டு எல்லைகளும் பெரிய எண்களாக இருந்தால் கூட்டுத்தொகை 2147483647ஐத் தாண்டும். 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய எண் அதுதான்; அதைத் தாண்டினால் எதிர்ம எண்ணாகச் சுருண்டுவிடும். ஜாவா நிரல்மொழியின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அந்த நிரலை எழுதிய ஜாஷுவா பிளாக் 2006இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். முடிந்த நிரலை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால், மனப்பாடமாக எழுதியவருக்கும் இவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. கர்சர் திரும்பிப்போனதுதான் எனக்குச் சொன்னது. பேசச்சொல்லி இடையில் குறுக்கிட்டிருந்தாலும் அது நடந்திருக்காது.

ஆகவே பார்ப்பதை விட்டுவிடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. எப்போது பார்ப்பது, எப்போது சேர்ந்து எழுதுவது என்று பிரித்துக்கொள்ளவேண்டும்.

என் வழக்கம் இது. கேள்வியைச் சேர்ந்து படித்ததும் முதல் டெஸ்ட் கேஸை, அதாவது இதைக் கொடுத்தால் இந்த விடை வரவேண்டும் என்ற சோதனையை, நான் எழுதுவேன், இரண்டாவதை அவர் எழுதவேண்டும். கேள்வி புரிந்ததா என்று வாயால் கேட்பதைவிட இது நல்ல சோதனை. வெற்றுப் பட்டியலுக்கு என்ன விடை வரவேண்டும் என்று அவர் கேட்டால் அதையும் நானே அங்கே எழுதிவைப்பேன். இனி இருவருக்கும் அது ஒப்பந்தம். அப்புறம், “பத்து நிமிடம் நான் பேசமாட்டேன், பக்கத்தையும் பார்க்கமாட்டேன், வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்” என்று சொல்லி வீடியோவை அணைத்துவிடுவேன். அவரும் அணைத்துக்கொள்ளலாம். உண்மையிலேயே வேறு டேப்புக்குப் போய்விடுவேன். இந்தக் கருவிகளில் பலவற்றில் ஒவ்வொரு விசையழுத்தமும் பதிவாகிறது, பின்னால் ஓட்டிப்பார்க்க முடிகிறது. அப்படியிருக்க ஏன் மூச்சுவிடும் தூரத்தில் நின்று பார்க்கவேண்டும்? பதிவு இருக்கிறது என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், அது அவருடைய உரிமை. அதைப் பார்க்கும்போது எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றும் உண்டு. எவ்வளவு நேரம் நிறுத்தினார் என்று எண்ணமாட்டேன். நிறுத்தியபின் என்ன மாறியது என்றுதான் பார்ப்பேன்.

திரும்பி வரும்போது சிக்கியிருந்தால், “எல்லைகளை யோசித்துப் பாருங்கள்” மாதிரி மேகமூட்டமான ஹிண்ட் கொடுப்பதில்லை. அது ஹிண்டா, குற்றச்சாட்டா என்று எழுதுபவருக்குத் தெரியாது. தோற்கும் ஒரு டெஸ்ட் கேஸை நான் பக்கத்திலேயே எழுதுவேன். ஒரே ஒரு உறுப்புள்ள பட்டியல், இவ்வளவு. ரன் அழுத்தினால் சிவப்பாகும். இனி நாங்கள் இருவரும் ஒரே சிவப்பு வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவரை நான் பார்ப்பது நின்றுவிடுகிறது. வேலையிலும் சக ஊழியர் பிழையைச் சொல்வது இப்படித்தானே.

இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியும். உதவி செய்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள், ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடமுடியாது என்பார்கள். ஒப்பிடமுடியவேண்டும் என்பதை முழுதாக ஏற்கிறேன். பணித்தேர்வு முறைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் உளவியலாளர் பால் சாக்கெட்டும் குழுவினரும் திரும்பக் கணக்கிட்டு 2022இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் முறை என்று கட்டமைத்த நேர்காணல்தான் பட்டியலில் முதலிடம், வேலையில் காட்டும் திறனோடு 0.42 என்ற தொடர்பெண்ணோடு. ஆனால் கட்டமைப்பு என்றால் கல்லாக உட்கார்ந்திருப்பது என்று யார் சொன்னது? என்னென்ன டெஸ்ட் கேஸைக் கொடுப்பேன், எந்த வரிசையில், எத்தனையாவது நிமிடத்தில் என்பதை முன்பே எழுதிவைத்திருக்கிறேன். எல்லோருக்கும் அதே உதவி. எந்த உதவிக்குப் பிறகு நகர்ந்தார் என்பது குறிப்பில் ஏறும். ஒரே சிவப்பு வரியிலிருந்து முழுப் பிழையையும் பிடித்தவருக்கும், மூன்று தந்தபின் அந்த ஒரு வரிக்கு மட்டும் ஒட்டுப்போட்டவருக்கும் உள்ள தூரம் தெளிவாகத் தெரியும்.

இப்போது இதில் ஏஐ வந்து சேர்ந்துகொண்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதற்குப் பிறகு, பக்கத்துச் சன்னலில் விடையை வரவழைத்துப் பார்த்து எழுதுவது சுலபமாகிவிட்டது. நிறுவனங்கள் காவலைக் கூட்டின. டேப்பை விட்டு வெளியே போனால் எடிட்டர் கேட்பவருக்குச் சொல்லிவிடும். மொத்தமாக ஒட்டினால் சொல்லிவிடும். விளைவு, யோசிக்கும்போது இயல்பாகச் சுவரைப் பார்ப்பவர்கள்கூடச் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவரை, அடிக்கடி கீழே பார்த்தார் என்று ஒரு நிறுவனம் நிராகரித்தது. அவர் தாளில் படம் போட்டுக்கொண்டிருந்தார். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கிராஃப் கணக்குக்குத் தாளில் படம் போடாமல் யார் எழுதுவார்கள்? எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் கண்ணைக் காவல் காத்து அதைத் தடுக்கமுடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. சில இடங்களில் நேரில் வரச்சொல்லும் ரவுண்டைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள், சில இடங்களில் ஏஐயையும் எடிட்டருக்குள்ளேயே கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லோர் கையிலும் அது இருக்கிறது என்றால், அது கொடுத்த விடையில் ஓட்டை எங்கே என்று கேட்கலாம்.

அதோடு, சேர்ந்து எழுதினாலே கடன்வாங்கிய விடை கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். இதற்காகவே கடைசிப் பத்து நிமிடம் கீபோர்டை நான் வாங்கிக்கொள்கிறேன். கேள்வியில் ஒரு சின்ன மாற்றம் சொல்வேன்: ஒரே எண் பலமுறை வரலாம், அதில் முதலாவது எங்கே என்று கண்டுபிடிக்கவேண்டும். இனி அவர் சொல்லவேண்டும், நான் தட்டச்சு செய்வேன். சொன்னதை மட்டுமே தட்டுவேன். “கண்டுபிடித்ததும் நிறுத்தாமல் இடதுபக்கமே போய்க்கொண்டிருங்கள்” என்றால், எதை எதற்குச் சமமாக்க என்று கேட்பேன். வலது எல்லையை நடுவுக்கு நகர்த்தவா, நடுவுக்கு ஒன்று முன்னாலா? புரிந்து எழுதியவர் இங்கே சூடுபிடித்துவிடுவார். அந்தப் பெண் அப்படித்தான் செய்தார். முதலில் தயங்கினார், அப்புறம் தன் கர்சரை என் வரிக்கே கொண்டுவந்து வைத்து, “இந்த இடத்தில் சமக்குறியும் சேர்ந்தால் லூப் முடியாது, எடுத்துவிடுங்கள்” என்றார். எடுத்தேன். நான் கேட்காமலேயே அவர் இரண்டே உறுப்புள்ள ஒரு டெஸ்ட் கேஸைக் கீழே எழுதி, ரன் அழுத்தினார்.

இந்தப் பகுதிக்கு மதிப்பெண் தாளில் தனி வரி வைத்திருக்கிறேன். குழுவில் மற்றவர்களும் அதைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். நேரம் போதவில்லை என்பது அவர்கள் சொல்லும் ஒரே குறை. அதற்கு நான் முதல் கேள்வியைச் சிறியதாக்கச் சொல்கிறேன்.